சென்னையில் 250 படுக்கை ஆஸ்பத்திரி, ஐசியு ஸ்டாஃப் நர்ஸ் ஆஃபர்: சேரலாமா, விடலாமா?

பதிவு 1: அருணை_நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி நர்சிங், தமிழ்நாடு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு. இப்போ திருவண்ணாமலையில 60 படுக்கை தனியார் ஆஸ்பத்திரியில ஜெனரல் வார்டு. 2 வருஷம் முடிஞ்சிருக்கு. கையில 15,500 வருது, வீட்டிலிருந்தே போய் வர்றேன்.

சென்னையில ஜிஎஸ்டி ரோடு பக்கம் 250 படுக்கை ஆஸ்பத்திரியில மெடிக்கல் ஐசியுவுக்கு எடுத்திருக்காங்க. மாசம் சிடிசி (எனக்காக நிர்வாகத்துக்கு ஆகற மொத்தச் செலவு) 26,000. ஹாஸ்டலுக்கு 3,500, மெஸ்ஸுக்கு 3,000 பிடித்தம். 2 வருஷ பாண்ட், நடுவுல விட்டா 1 லட்சம் கட்டணும். சேர்ற அன்னிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஒப்படைக்கணும், கையெழுத்து போட்ட வெறும் செக் ஒண்ணும் தரணுமாம். ஐசியு அனுபவம் எனக்குக் கிடையாது. "வந்து பார்த்துப் பழகிக்கலாம்"னு எச்ஆர் சொல்றாங்க.

வீட்ல சேரச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. ஆனா தடுக்கிறது சம்பளமா, பாண்டா, ஐசியு பயமான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. பின்னாடி வெளிநாடு போற எண்ணமும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதிவு 2: சம்பளச்_சீட்டு

முதல்ல சம்பளத்தைப் பிரிச்சிடலாம், அது சுலபம். சிடிசி 26,000ல பேசிக் 13,000ன்னு வச்சுக்கோங்க, பெரும்பாலும் பாதிதான் போடுவாங்க. நிர்வாகம் கட்டற பிஎஃப் 12 சதவீதம், 1,560. கிராஜுவிட்டின்னு பேசிக்ல 4.81 சதவீதம், 625. இந்த ரெண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம், உங்க கைக்கு வராது. மிச்சம் 23,815 தான் கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தின சம்பளம். அதுல உங்க பங்கு பிஎஃப் 1,560 போகும். தொழில்வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250, மாசத்துக்குச் சராசரி 208. ஆக 22,047. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 6,500 போனா கையில நிக்கிறது 15,547.

இப்போ வாங்கறது 15,500. அதாவது ஊரைவிட்டு வந்து, நைட் பார்த்து, 2 வருஷம் கட்டுப்பட்டு, மாசம் 47 ரூபாய் கூட. பிஎஃப்ல சேர்றது லாபம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா "26,000 சம்பளம்"னு நம்பி வராதீங்க.

இன்னொண்ணு. ஈஎஸ்ஐக்கு (தொழிலாளர் காப்பீடு) மாசச் சம்பள உச்சவரம்பு 21,000. இப்போ 15,500ல ஈஎஸ்ஐ இருந்தா, 23,815க்குப் போனதும் அது நின்னுடும். அதனால குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு, அப்பா அம்மாவுக்கும் சேர்த்தா, பிரசவம் அடங்குமான்னு கேளுங்க. மகப்பேறு விடுப்பு 26 வாரம், அது ஈஎஸ்ஐ இல்லாட்டியும் நிர்வாகம் தர வேண்டியது. முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும்.

பதிவு 3: லேபர்_டெஸ்க்

பாண்டைப் பற்றி இரண்டு தப்பான கருத்து உலவுகிறது. "பாண்டே செல்லாது, கையெழுத்து போட்டுட்டு ஓடிடலாம்" என்பது ஒன்று. "பாண்ட் போட்டால் 1 லட்சம் கட்டியே ஆகணும்" என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை.

குறைந்தபட்சக் காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொகை கட்ட வேண்டும் என்கிற நிபந்தனையே சட்டவிரோதம் அல்ல. 2025ல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. அதே நேரம் ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை ஒரு உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். எந்தப் பயிற்சியும் தராத ஆஸ்பத்திரிக்கு 1 லட்சம் நட்டம் என்று காட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். ஆகவே முன்னாலேயே பேசுங்கள்: தொகை மாதாமாதம் குறைய வேண்டும். 1 லட்சத்தை 24ஆல் வகுத்தால் மாதத்துக்கு 4,167. ஒரு வருடம் முடித்துவிட்டுப் போகிறவர் 50,000 மட்டுமே கட்டும்படி வாசகம் இருக்கட்டும். தகுதிகாண் காலத்துக்குள் விலகினால் பாண்ட் பொருந்தாது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைப் பிடிக்கவில்லை என்று அனுப்பிவிட்டால் பணம் கேட்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

செக் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. தேதியும் தொகையும் இல்லாமல் கையெழுத்துப் போட்ட செக்கை யார் வேண்டுமானாலும் நிரப்பி பேங்கில் போடலாம். பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ன் கீழ் கிரிமினல் வழக்கு. பாண்ட் தகராறு சிவில் விஷயம். அதைக் கிரிமினல் வழக்காக மாற்றும் ஆயுதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஒரிஜினலும் அப்படியே. சரிபார்ப்பதற்குக் காட்டலாம், எதிரிலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். சுய சான்றொப்பமிட்ட நகல் ஒரு செட் போதும். உங்கள் பதிவு எண் உண்மைதானா என்று சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் நர்ஸஸ் கவுன்சிலில் அவர்களே கேட்டுக்கொள்ளலாம், அதற்கு உங்கள் மார்க் ஷீட் அவர்கள் பீரோவில் இருக்கத் தேவையில்லை.

பதிவு 4: பெரம்பூர்_பாசஞ்சர்

ஒரிஜினல் வாங்காத ஆஸ்பத்திரி சென்னையில எத்தனை இருக்கு சொல்லுங்க? எல்லா இடத்துலயும் கேட்கிறாங்க. அதுக்காக வேலையே வேண்டாம்னு சொல்ல முடியுமா?

பதிவு 5: லேபர்_டெஸ்க்

நிறைய இடத்தில் கேட்கிறார்கள், உண்மை. ஆனால் மறுத்துப் பேசினால் பாதி இடத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள், ஏனென்றால் ஐசியுவுக்கு ஆள் கிடைப்பதில்லை. எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? வெளிநாட்டு லைசென்ஸுக்காக டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனம் செய்யும் சரிபார்ப்புக்கு ஒரிஜினலைத்தான் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அப்போது எச்ஆரிடம் போய் நின்றால் நீங்கள் வேறு வேலை தேடுவது அன்றைக்கே தெரிந்துவிடும். இப்போதே எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு: சான்றிதழின் பெயர், வரிசை எண், ஒப்படைத்த தேதி போட்டு சீலோடு ரசீது வாங்குங்கள். திருப்பிக் கேட்பதை மெயிலில் கேளுங்கள். தராவிட்டால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் அந்த ரசீதை வைத்து மனு கொடுக்கலாம். ரசீது இல்லாவிட்டால் "எங்களிடம் கொடுக்கவே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பதிவு 6: பெட்_நம்பர்_9

சிஸ்டர், நீங்க கேட்ட மூணுல ஐசியுவைப் பத்தித்தான் யாரும் இன்னும் பேசலை. பதிவு 2ல இருக்கிற கணக்கே அதைச் சொல்லுது. கைக்காசு ஒண்ணுதான்னா, இந்த வேலையில உங்களுக்குக் கிடைக்கப்போற ஒரே சம்பளம் ஐசியு அனுபவம்தான். அது ஒழுங்கா கிடைக்குமான்னு பாருங்க. கிடைக்கும்னா வாங்க. கிடைக்காதுன்னா இது வெறும் இடமாற்றம், அதுவும் ஆபத்தான இடமாற்றம்.

"பார்த்துப் பழகிக்கலாம்" என்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கலை. வார்டுல பார்த்துப் பழகலாம். ஐசியுல எப்படின்னு ஒரு உதாரணம் சொல்றேன். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்து 4 மி.கி.யை 50 மி.லி. சிரிஞ்சுல லோடு பண்ணா, ஒரு மி.லி.ல 80 மைக்ரோகிராம். 60 கிலோ பேஷன்டுக்கு நிமிஷத்துக்கு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம்னு ஆர்டர் இருந்தா, நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். அப்போ பம்ப்ல வைக்க வேண்டியது மணிக்கு 4.5 மி.லி. இதையே யாராவது டபுள் ஸ்ட்ரெங்த்ல, 8 மி.கி. போட்டு லோடு பண்ணிட்டு லேபிள் ஒட்டாம போயிருந்தா, அதே 4.5ல மருந்து ரெண்டு மடங்கு போகும். சிரிஞ்ச் தீர்ந்து அலாரம் அடிச்ச அப்புறம் புதுசு லோடு பண்ணப் போனா, அந்த ரெண்டு மூணு நிமிஷத்துல பிரஷர் 60க்குக் கீழே விழுந்திருக்கும். தீர்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது பம்ப்ல அடுத்த சிரிஞ்சை ஓட்டி வச்சு மாத்தணும். இதெல்லாம் பக்கத்துல ஒரு சீனியர் நின்னு கைபிடிச்சுக் காட்டி வர்ற பழக்கம்.

வென்டிலேட்டரும் அதே மாதிரி. ஹை பிரஷர் (காத்து அழுத்தம்) அலாரம்னா சளி அடைப்பு, டியூப் மடங்கல், பேஷன்ட் டியூபைக் கடிக்கிறது, இல்லேன்னா நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுத்திக் காத்து சேர்றது). லோ பிரஷர்னா எங்கேயோ கழண்டிருக்கு, இல்ல டியூபோட கஃப் (காத்துப் பை) லீக். தெரியாதவங்க கை முதல்ல சைலன்ஸ் பட்டனுக்குத்தான் போகும். தெரிஞ்சவங்க பேஷன்டைப் பார்ப்பாங்க, சாச்சுரேஷனைப் பார்ப்பாங்க, புரியலைன்னா கழட்டி ஆம்பு (கையால காத்து அமுக்கற பை) போட்டுக்கிட்டே ஆளைக் கூப்பிடுவாங்க.

அதனால கேட்க வேண்டியது இது: தனியா பேஷன்ட் குடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை வாரம் ஒரு சீனியர் கூட சேர்த்து டூட்டி போடுவீங்க? அந்த வாரங்கள்ல என் பெயரை ஸ்டாஃப் எண்ணிக்கையில சேர்ப்பீங்களா? ரெண்டாவது கேள்விதான் முக்கியம். "டிரெய்னிங்"னு சொல்லிட்டு எண்ணிக்கையில சேர்த்தா, ஆள் குறையற முதல் நைட்லயே உங்க கிட்ட ரெண்டு பேஷன்ட் வந்துடும். என் கணக்குல 6 வாரம் குறைந்தபட்சம், வென்டிலேட்டர் பேஷன்டுக்கு இன்னும் கூட. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைப் பயிற்சிகள்) அவங்க செலவுல குடுப்பாங்களான்னும் கேளுங்க. அந்தக் கார்டு 2 வருஷம் செல்லும், பாண்ட் முடியறப்போ காலாவதியாகற மாதிரி ஆரம்பத்துலயே குடுத்து முடிச்சிடுவாங்க, புதுப்பிக்கறதையும் பேசி வைங்க.

அடுத்து ரேஷியோ, அதாவது எத்தனை பேஷன்டுக்கு ஒரு நர்ஸ். என்ஏபிஎச் (ஆஸ்பத்திரி தரச் சான்று) தரத்துல வென்டிலேட்டர் பேஷன்டுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர், மத்த ஐசியு பேஷன்டுக்கு ரெண்டு பேருக்கு ஒருத்தர். சான்றிதழ் வரவேற்பு ஹாலில் தொங்கும், நிஜம் டூட்டி ரோஸ்டர்ல இருக்கும். முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யூனிட்டைப் பார்க்கணும்னு கேளுங்க. போனா நர்சிங் ஸ்டேஷன் சுவத்துல ரோஸ்டர் ஒட்டியிருக்கும். நைட் வரிசையில எத்தனை பேர், அதுல எத்தனை பேருக்குப் பக்கத்துல டிரெய்னின்னு போட்டிருக்கு, "என்என்"னு நைட் டூட்டி ஒரே ஆளுக்கு எத்தனை கட்டம் தொடர்ந்து வருது, "டிடி"ன்னு டபுள் டூட்டி எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டி) பாருங்க: சீல் போட்டிருக்கா, செக் லிஸ்ட்ல நேத்து தேதி வரைக்கும் கையெழுத்து இருக்கா, இல்ல ஒரே பேனாவுல ஒரே கையெழுத்துல மாசம் முழுக்க நிரப்பியிருக்கா. அந்த ஒரு தாள் நிர்வாகம் எப்படின்னு சொல்லிடும். ஹேண்ட்ஓவர் நேரத்துல போக முடிஞ்சா இன்னும் நல்லது. படுக்கைக்குப் பக்கத்துல நின்னு, பம்ப் ரேட்டையும் லைனையும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து ஒப்படைக்கிறாங்களா, இல்ல டேபிள்ல உக்கார்ந்து நோட்டுப் படிச்சுட்டுக் கிளம்பறாங்களான்னு பாருங்க.

யூனிட் பார்க்க விடமாட்டோம்னு சொன்னா அதுவே பதில்.

பதிவு 7: கீழ்ப்பாக்கம்_கேட்

நான் வேற மாதிரி சொல்றேன். ஊர்லயே இருந்து எம்ஆர்பி தேர்வுக்குப் படிங்க. தொகுப்பூதியம் 18,000ன்னாலும் அரசு வேலைக்கான வாசல் அது. சென்னையில 2 வருஷ பாண்ட் போட்டுட்டா நடுவுல அழைப்பு வந்தாலும் போக முடியாம தவிப்பீங்க.

பதிவு 8: பெட்_நம்பர்_9

எம்ஆர்பிக்குப் படிக்கிறது சரி, ஆனா எப்போ அறிவிப்பு வரும், எவ்வளவு இடம்னு யார் கையிலயும் இல்லை. தொகுப்பூதியத்துல சேர்ந்தவங்க காலமுறை ஊதியத்துக்காக வருஷக்கணக்கா போராடிட்டு இருக்காங்க, அதையும் சேர்த்துச் சொல்லணும். அதை நம்பி 60 படுக்கை ஆஸ்பத்திரியில இன்னும் 3 வருஷம் வார்டுல இருந்தா, வெளிநாட்டுக் கதவு குறுகும். நீங்க சொன்னதுல நான் முழுசா ஒத்துப்போறது ஒண்ணு: அரசுப் பணி நியமனம் வந்தா பாண்ட் தொகை கிடையாதுன்னு ஒரு ஷரத்து கேட்கணும். சில இடத்துல ஏத்துக்கிறாங்க.

பதிவு 9: மீனம்பாக்கம்_டிபார்ச்சர்

வெளிநாட்டுக் கோணம். வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் 2 வருஷ அனுபவம் கேட்பார்கள், ஐசியு, எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் என்றால் மவுசு அதிகம். ஆனால் அனுபவம் என்பது நீங்கள் வேலை பார்த்தது அல்ல, கடிதத்தில் எழுதியிருப்பது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் இருந்தால் ஐசியு அனுபவம் இல்லாததற்குச் சமம். யூனிட்டின் பெயர், அதில் எத்தனை படுக்கை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லாம் இருக்க வேண்டும். டேட்டாஃப்ளோ அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி எச்ஆருக்கே அனுப்பிக் கேட்கும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவர்களுக்கு அங்கேதான் அடி விழுகிறது. பாண்ட் பணம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வருவதைவிட, எச்ஆர் அந்த மெயிலுக்கு பதில் போடாமல் இருப்பதுதான் நடைமுறையில் பெரிய தொல்லை.

அதனால் சேர்ந்தால் முடித்துவிட்டு, நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் ஆர்டரோடு வெளியே வாருங்கள். முடிக்க முடியாது என்று தோன்றினால் இப்போதே சேராதீர்கள். இப்போது இருக்கும் ஆஸ்பத்திரியிலும் இதே விதிதான், அந்த 2 வருஷத்துக்கும் முறையான கடிதம் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

அமெரிக்காவுக்கான நர்ஸ் லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸ் சென்னையிலேயே எழுதலாம். இங்கிலாந்துக்கு ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதலில் பி, எழுதுதலில் சி பிளஸ். டூட்டி பார்த்துக்கொண்டே இதற்குப் படிக்க முடியுமா என்பது நைட் ஷிஃப்ட் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து வையுங்கள், 1978லிருந்து இருக்கிறது, நர்ஸ்களுக்கான அறிவிப்புகள் வரும்.

பதிவு 10: அருணை_நர்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பணம் என் தயக்கத்துக்குக் காரணமில்லைன்னு இப்போ புரியுது. ரெண்டு கேள்வி. ஷிஃப்ட் "8 மணி நேரம், ரொடேஷன்"னு ஆஃபர்ல இருக்கு, இதுல வேற என்ன கேட்கணும்? இதையெல்லாம் எச்ஆர் கிட்ட எப்படிக் கேட்கிறது, கோவிச்சுக்கிட்டு ஆஃபரை ரத்து பண்ணிட மாட்டாங்களா?

பதிவு 11: பெட்_நம்பர்_9

"8 மணி நேரம்"னு எழுதற இடத்துல நிறைய பேர் போடறது காலை 7 முதல் 2, மாலை 1 முதல் 8, நைட் 8 முதல் காலை 7. நைட் 11 மணி நேரம், ஹேண்ட்ஓவர் சேர்த்தா 12. அது தொடர்ந்து எத்தனை நைட், முடிஞ்சதும் நைட் ஆஃப் எத்தனை நாள், அந்த ஆஃப் வாராந்திர விடுமுறையிலேயே கழியுமான்னு கேளுங்க. 6 நைட் தொடர்ந்து போட்டுட்டு ஒரே நாள் ஆஃப் குடுத்து மறுநாள் காலை 7க்கு வரச் சொல்றதுதான் ஆளைக் கரைக்கும். டபுள் டூட்டி பார்த்தா காசா, காம்ப் ஆஃபா (பதிலுக்கு லீவு), காம்ப் ஆஃப்னா எத்தனை நாளுக்குள்ள எடுக்கணும்?

ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளயா, வெளியிலயா? வெளியிலன்னா வண்டி யாருது? மாலை ஷிஃப்ட் 8 மணிக்கு முடியும்னாலும் ஐசியுல 9 ஆகும். ஜிஎஸ்டி ரோட்டை அந்த நேரத்துல குறுக்கே கடந்து, சர்வீஸ் ரோட்டுல நடந்து போற மாதிரி ஹாஸ்டல் இருந்தா அது தினசரிக் கவலை. பகல்ல தூங்கறதுக்கு, நைட் பார்க்கறவங்களுக்குத் தனி ரூம் உண்டா? ஆறு பேர் ரூம்ல மூணு ஷிஃப்ட் ஆளும் கலந்திருந்தா தூக்கமே வராது. வேண்டாம்னா வெளியில தங்கிக்கலாமா, பிடித்தம் நிக்குமான்னும் கேட்டு வைங்க.

பதிவு 12: லேபர்_டெஸ்க்

கேட்கும் விதத்துக்கு: போனில் பேசாதீர்கள், மெயிலில் கேளுங்கள். பணிவாக, சேர விருப்பம் உண்டு என்று ஆரம்பியுங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், மெடிக்கல் ஐசியு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்குத் தேர்வு செய்ததற்கு நன்றி. பணியில் சேர விருப்பமாக உள்ளேன். நியமன ஆணையில் கீழ்க்கண்டவற்றைத் தெளிவுபடுத்தித் தர வேண்டுகிறேன். சீனியர் நர்ஸின் மேற்பார்வையில் பயிற்சிக் காலம் எத்தனை வாரம் என்பதும், அக்காலத்தில் தனியாக நோயாளிகள் ஒதுக்கப்பட மாட்டார்கள் என்பதும். பாண்ட் தொகை பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறையும் என்பது. சான்றிதழ்களை நேரில் சரிபார்த்த அன்றே திரும்பப் பெற அனுமதி. காசோலைக்குப் பதிலாகப் பாண்ட் பத்திரம் மட்டும் தருகிறேன். சேரும் முன் ஒருநாள் யூனிட்டைப் பார்வையிட அனுமதி வேண்டுகிறேன். பதில் கிடைத்த இரண்டு நாளில் என் முடிவைத் தெரிவிக்கிறேன்."

இதற்குக் கோபித்துக்கொண்டு ரத்து செய்யும் நிர்வாகம், நீங்கள் சேர்ந்த பிறகு லீவு கேட்டாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வெள்ளிக்கிழமைக் கெடுவும் பெரும்பாலும் நகரக்கூடியதுதான்.

சம்பளம் பேச ஒரு பிடி: 2016ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்பளம் மாநில அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தால்கூட 20,000க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரைதான், இதை வைத்து வழக்குப் போட்டு நாளைக்கே வாங்கிவிட முடியாது. ஆனால் 250 படுக்கை ஆஸ்பத்திரி 26,000 சிடிசியைப் பெரிய சலுகையாகச் சொல்லும்போது ஹாஸ்டல் பிடித்தத்தையாவது விட்டுத்தரச் சொல்ல இது போதுமான காரணம்.

பதிவு 13: பெரம்பூர்_பாசஞ்சர்

பதிவு 4ல நான் சொன்னதை மாத்திக்கிறேன். செக் விஷயம் இவ்வளவு தூரம் போகும்னு யோசிக்கலை. அந்த மெயிலை அப்படியே அனுப்புங்க சிஸ்டர்.

பதிவு 14: சம்பளச்_சீட்டு

சேர்றதுன்னு முடிவானா பிஎஃப்ல ஒரு வேலை இருக்கு. புது ஆஸ்பத்திரியில பழைய யுஏஎன் நம்பரையே (பிஎஃப்ல உங்க நிரந்தர எண்) குடுங்க, புதுசா ஒண்ணு உருவாக்க விடாதீங்க. பழைய இடத்துல விலகிய தேதியை ஆன்லைன்ல ஏத்தியிருக்காங்களான்னு பிஎஃப் போர்ட்டல் சர்வீஸ் ஹிஸ்டரியில பாருங்க. அது இல்லாம பழைய பணத்தை மாத்த முடியாது. பேர் ஆதார்ல ஒரு மாதிரி, மார்க் ஷீட்ல ஒரு மாதிரி இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க, இனிஷியல் தகராறுலதான் பாதி பேர் மாட்டறாங்க.

பதிவு 15: பெட்_நம்பர்_9

மெயில்ல சேர்க்க வேண்டாம், ஆனா யூனிட் பார்க்கப் போறப்போ அங்க இருக்கிற ஜூனியர் ஸ்டாஃப் கிட்ட கேளுங்க: ராத்திரி 2 மணிக்கு ஊசி குத்திக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க? எச்ஐவி தடுப்பு மாத்திரை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனமில்லை, 28 நாள் சாப்பிடணும். முதல் டோஸ் எந்த அலமாரியில இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கு உடனே சொல்லத் தெரிஞ்சா நல்ல இடம். "காலையில எச்ஆர் கிட்ட சொல்லணும்"னு சொன்னா யோசிங்க.

ஹெபடைட்டிஸ் பி மூணு டோஸும் முடிச்சிருக்கீங்களா, 0, 1, 6 மாசம்? முடிச்சவங்க டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி அளவு) பார்க்கணும், 10க்கு மேல இருந்தா சரி. உயிர்மருத்துவக் கழிவு விதிகள் 2016ன்படி இந்தத் தடுப்பூசி போட்டுவிடறது ஆஸ்பத்திரி பொறுப்பு. இப்போ இருக்கிற இடத்துலயே பாக்கி டோஸ் இருந்தா ரிலீவ் ஆகறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டு கார்டையும் கையோட வாங்கிடுங்க. சேர்றப்போ மெடிக்கல் ஃபிட்னஸுக்கு அதைத்தான் முதல்ல கேட்பாங்க.

பதிவு 16: அருணை_நர்ஸ்

மெயில் அனுப்பிட்டேன், பயிற்சி வாரத்தையும் எண்ணிக்கையில சேர்க்கக் கூடாதுங்கறதையும் முதல் வரியா மாத்தி வச்சேன். யூனிட் பார்க்க புதன்கிழமை மதியம் ஒண்ணரை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, மாலை ஹேண்ட்ஓவர் நேரம்தான். ஒரிஜினல் பத்தி "வந்து பேசலாம்"னு மட்டும் பதில். ஃபைலில் நகல் மட்டும் எடுத்துட்டுப் போறேன். ஹெபடைட்டிஸ் மூணாவது டோஸ் பாக்கி இருக்கு, அதை இங்கேயே போட்டுக்கறேன்.